டாக்டர் என்ன சொல்லப்போகிறார்

செங்கல்பட்டு ஏரி ஜன்னலை நிறைத்துக்கொண்டு வந்தபோதும் டாக்டர் தணிகாசலம் வாயைத் திறக்கவில்லை. எழும்பூரில் பாசஞ்சர் வண்டி கிளம்பியதிலிருந்து பிலோமினா அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள். தாம்பரம் தாண்டினால் சொல்வார் என்று நினைத்தாள், தாம்பரம் போனது, சிங்கப்பெருமாள்கோவில் போனது, இப்போது ஏரியும் போய்க்கொண்டிருக்கிறது, மனிதர் முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடப் பழக்கம் அது. ஒரு வீட்டுக்கு முடிவு சொல்லப் போகிறோம் என்றால் போகிற வழியிலேயே அவளிடம் சொல்லிப் பார்த்துவிடுவார், பிலோமினா, இப்படிச் சொன்னா அந்தம்மா தாங்குவாங்களா, இந்த வார்த்தை வேண்டாமா, வேற வார்த்தை போடலாமா என்று பஸ்ஸில், ரயிலில், ஒருமுறை மணல் லாரியின் முன் சீட்டில்கூட. மனநல மருத்துவமனையில் அவர் டாக்டர், அவள் சமூகப் பணியாளர், நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வருவது அவள் வேலை. ஆனால் ஆஸ்பத்திரி வேலைக்கு வெளியே, அவருடைய இன்னொரு வேலை ஒன்று இருந்தது, செத்தவர்கள் பேசுகிறார்கள், போன ஜென்மம் ஞாபகம் வருகிறது, நடக்கப்போவது முன்கூட்டியே தெரிகிறது என்று யார் சொன்னாலும் போய் உட்கார்ந்து விசாரிக்கிற வேலை, அதற்கும் அவள்தான் துணை. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த இன்னொரு வேலை மட்டும் ஓயவில்லை. இன்றைக்குத் திண்டிவனத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் துரைக்கண்ணுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்பது இருவருக்குமே தெரியும். தெரிந்தும் அவர் ஏன் சொல்லிப் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

துரைக்கண்ணுவின் ஒரே மகள் செந்தாமரை காலேஜில் படிக்கிறபோது சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அது நடந்து சில வருடங்கள் கழித்து வந்தவாசியில் ஓர் ஆட்டோ டிரைவரின் குழந்தை, யாழினி என்று பேர், பால்குடி மறந்து பேச ஆரம்பித்த வயசில், என் பேரு தாமரை, எங்க வீட்ல மில்லு இருக்கு, எங்கப்பா என்னை நெல்லு மூட்டை மேல உக்காத்தி வெப்பாரு, அவரு சட்டைப் பையில கடலை மிட்டாய் இருக்கும், அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. தெருவே கூடியது. நெல் வியாபாரிகள் வாய்வழியாக விஷயம் திண்டிவனத்துக்கு வந்தது. துரைக்கண்ணு போய்ப் பார்த்தார், குழந்தை அவர் சட்டைப் பையில் கையை விட்டது, அந்த இடத்திலேயே மனிதர் மடிந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் சார் அது தெரியும் என்று டாக்டரிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை பிலோமினா எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அந்த வெளிச்சத்தை அணைக்கப் போகிறோமே என்று தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். டாக்டர் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் போனார். குழந்தையிடம் அதிகம் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அதன் தாய் விமலாவிடம், கல்யாணத்துக்கு முன்னாடி என்னம்மா வேலை பார்த்தீங்க என்று கேட்டார், ஊரைச் சுற்றி விசாரித்த யாருக்கும் தோன்றாத கேள்வி. அந்தப் பெண் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பாண்டிச்சேரியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில நர்சா இருந்தேன் சார், அந்தத் தாமரைப் பொண்ணு என் வார்டுலதான் இருந்திச்சு, என்னா பேச்சு பேசும், அதெல்லாம் நான்தான் எம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டறப்போ கதை மாதிரி சொன்னேன், சொல்லிட்டேன் எங்க வீட்ல, யாரும் காதுல வாங்கல, கற்பூரம் ஏத்திட்டாங்க, அதுக்கப்புறம் எனக்குப் பயமாயிடுச்சு. பொய் இல்லை, பித்தலாட்டம் இல்லை, ஒரு தாய் சொன்ன கதை குழந்தையின் வாயில் புரண்டு வந்திருக்கிறது. அவ்வளவுதான். வழக்கமாக இந்த இடத்தில் டாக்டர் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பார், தோற்ற சிரிப்பும் ஜெயித்த சிரிப்பும் கலந்த மாதிரி. அன்றைக்குச் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டார்.

மதுராந்தகம் வருவதற்குள் சொல்லிவிடுவார். வெயில் ஏறி ஜன்னல் கம்பி சுடுகிறது. அவர் கையில் நரம்பு இவ்வளவு புடைத்து எப்போது வந்தது, முன்னால் பார்த்த கை இல்லையே இது. அவள் முதன்முதலில் பார்த்தபோது அந்தக் கை ஒரு நோயாளியின் தலையிலிருந்து பேன் எடுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர், வார்டு வராந்தாவில் சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கிழவிக்குப் பேன் எடுத்தபடியே அவள் தூங்குவது பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு வெள்ளிக்கிழமைகளில் அங்காளம்மன் வருவாள். ஜூனியர்கள் அதை வியாதியின் அடையாளம் என்று எழுதப் போனார்கள். டாக்டர் கிழவியைப் பார்த்து, அம்மா, சாமி வர்றது உங்க விஷயம், அதுல நான் தலையிட மாட்டேன், தூக்கம் வராதது என் விஷயம், அதுக்கு மாத்திரை சாப்பிடுங்க என்றார். கிழவி கொஞ்சநேரம் யோசித்து, சாமியைக் கேட்டுச் சொல்றேன் என்றாள். கேளுங்க, நான் காத்திருக்கேன் என்றார். நிஜமாகவே காத்திருந்தார். மறுநாள் மாத்திரை சாப்பிட்டாள். பிலோமினா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு, திண்டுக்கல்லில் அவள் தம்பி அருளுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்து, வீட்டில் ஒவ்வொரு கோவிலாக, ஒவ்வொரு ஜெபக்கூட்டமாக அலைந்துகொண்டிருந்த காலம். வீட்டு வெட்கம் அது, யாரிடமும் சொன்னதில்லை. அந்த வராந்தாவில் நின்றபடிதான் முடிவு செய்தாள், இவரிடம் சொல்லலாம் என்று. அருள் இன்றைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பங்குக் கோவிலில் மணி அடிக்கிறான், பூசைக்கு வெள்ளைத் துணி விரிக்கிறான், குரல்கள் எப்போதாவது வந்தால், அக்கா, இன்னிக்கு கொஞ்சம் சத்தம் என்று போனில் சொல்கிறான். அவ்வளவு சாதாரணமாக. அந்தச் சாதாரணத்தைக் கொடுத்தவர் இவர்.

வேர்க்கடலைக்காரன் காலை மிதித்துக்கொண்டு போனான். டாக்டர் ஒரு பொட்டலம் வாங்கி அவளிடம் நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள். சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். “மெல்ல முடியுதா உங்களுக்கு? அந்தக் கடைவாய்ப் பல் இன்னும் வலிக்குதா?” என்று கேட்டார். “இப்போ பரவாயில்ல சார்” என்றாள். மறுபடியும் ஜன்னல். கருங்குழி. பனைமரங்கள். பேய் டாக்டர் என்றுதான் அவரைச் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால், சில சமயம் முகத்துக்கு நேராகவும். இவ்வளவு கெட்டிக்கார மனுஷன் இதில் போய் விழுந்தாரே என்று மற்ற டாக்டர்களுக்கு வருத்தம். விழவில்லை, அதிலேயே பிறந்தவர். அவர் அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மகனையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அடையாற்றுக்குப் போவார், பிரம்மஞான சபைக்கு. ஆலமரத்து விழுதுகளுக்கு நடுவில் நின்று, உனக்கு இந்த உடம்பு ஒண்ணுதான்னு நினைச்சுக்காதே, இதுக்குள்ள சூட்சும சரீரம் இருக்கு, அது சாகாது என்று சொல்வார். பையன் அதைக் கேட்டுக்கொண்டே தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வான், எந்த உடம்புக்கு வலிக்கிறது என்று. இதை டாக்டரே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். சபையின் முத்திரையில் உண்மைக்கு மேலே மதம் எதுவும் கிடையாது என்று எழுதியிருப்பதை அப்பா விரலால் தொட்டுக் காட்டினாராம். அப்பா மற்றதையெல்லாம் நம்பினார், நான் அந்த ஒரு வரியைத்தான் நம்பினேன், அதுதான் எங்களுக்குள்ள சண்டை என்பார். அப்பா போனபோது மெடிக்கல் காலேஜில் கடைசி வருடம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு நிற்கிற கணத்தில் ஏதாவது வெளியே போகிறதா என்று கண்ணை இமைக்காமல் பார்த்தாராம். அழ மறந்துட்டேன் பிலோமினா, அதை அம்மா கடைசிவரைக்கும் மன்னிக்கல.

அந்தக் கண்தான். இமைக்காத கண். அதற்குத்தான் அவள் இத்தனை வருடம் பை தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள், ஆராய்ச்சிக்காகவோ ஆவிக்காகவோ இல்லை, அவள் வேதத்தில் மறுபிறப்பும் கிடையாது, உயிர்த்தெழுதல்தான் உண்டு, அதற்கு யாரும் சாட்சி விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒரு மனிதர் எதை மிகவும் விரும்புகிறாரோ அதையே சந்தேகத்தோடு பார்ப்பதை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தச் சீட்டு விவகாரம் ஒன்று போதும். வட்டம், நட்சத்திரம், அலை என்று படம் போட்ட சீட்டுகளை இந்தப் பக்கம் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் இருப்பவர் பார்க்காமலே சொல்ல வேண்டும். மாணிக்கவாசகம் என்று ஒரு தபால்காரர், கண்ணை மூடி மூடித் திறந்து வரிசையாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே போனார். நாள் கணக்காக. எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை தயாராகிவிட்டது, டிக்கெட் கூட வந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் டாக்டர் தபால்காரர் உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்தார். பிலோமினாவைச் சீட்டுகளோடு எதிரே உட்காரச் சொன்னார். வெயில் சாய்கிற நேரம். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடியில் சீட்டு தெரிந்தது. மங்கலாக, ஆனால் தெரிந்தது. அந்த ஆளுக்கே தெரியாது அவர் அதைப் பார்க்கிறார் என்று, கண் தானாகப் பிடித்திருக்கிறது. டாக்டர் எழுந்து கட்டுரையைக் குறுக்கே கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, டீ சாப்பிடப் போகலாமா என்றார். சபையில் ஒருமுறை பேசக் கூப்பிட்டார்கள், இத்தனை வருட ஆராய்ச்சியைப் பற்றி. போய் நின்று, என் கையில் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிற மாதிரி ஒரு சாட்சிகூட இல்லை, விளங்காதவை சில இருக்கின்றன, விளங்காததை விளங்கவில்லை என்றுதான் சொல்வேன் என்றார். கூட்டம் முடிந்து ஒரு வயதான அங்கத்தினர், அப்புறம் ஏன் சார் இங்க வர்றீங்க என்று கேட்டார், கோபமாக இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ள. “இங்கதான் இந்தக் கேள்வியைக் கேட்டா யாரும் சிரிக்கறதில்ல” என்றார் டாக்டர். அப்படிப்பட்டவர். அப்படிப்பட்டவர் என்று தனக்குத் தானே ஏன் இத்தனை முறை சொல்லிக்கொள்கிறாள். சந்தேகம் வந்துவிட்டதா. யார் மேல், இவர் மேலா.

போன ஐப்பசியில் சுகுணாம்மா போய்விட்டார்கள். அங்கேதான் எல்லாம் போய் நிற்கிறது, எங்கே சுற்றினாலும். டாக்டரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர், இவருடைய ஆவி வேட்டையைப் பார்த்துச் சிரித்தவர், வீட்டுக்குப் போனால் பிலோமினாவுக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பவர். வியாதி முற்றிய பிறகு ஒருநாள் அவரே சொன்னாராம், உங்களுக்கு ஒரு உதவி பண்ணிட்டுப் போறேன், ஒரு வார்த்தை வெச்சுக்கலாம், நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச வார்த்தை, அந்தப் பக்கம்னு ஒண்ணு இருந்தா எப்படியாவது யார் வாயிலயாவது அதை அனுப்பறேன். விளையாட்டாகத்தான் சொன்னார். டாக்டர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தபடி, இன்னும் ஒண்ணும் வரல பிலோமினா என்றார், தபால் வரவில்லை என்பது போல. அவள் என்ன சொல்வாள். அவள் கல்லறைத் திருநாளன்று சுகுணாம்மா பேருக்குப் பூசை வைத்தாள், அதை இவரிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்னவென்று அவள் கேட்டதில்லை. கேட்காததே நல்லது. அந்த வார்த்தைக்காக இவர் ஒவ்வொரு வீட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார் என்பது இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. வந்தவாசியில்கூடக் குழந்தை பேசும்போது முன்னால் குனிந்தார், முன்பெல்லாம் பின்னால் சாய்ந்துதான் கேட்பார். அந்தக் குனிவு. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை.

அதற்கு மேல் இன்னொன்று. போன வாரம் விமலாவிடம் ஒரு தேதி சரிபார்ப்பதற்காக வந்தவாசி மளிகைக் கடைக்கு போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னாள். விமலா வந்து, ஏன் மேடம், டாக்டர் ஐயாதான் முந்தாநாள் வந்துட்டுப் போனாரே, ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரே என்றாள். தனியாக. அவளிடம் சொல்லாமல். விசாரணைக்கு ஒருவர் தனியாகப் போகக் கூடாது என்பது அவர் போட்ட விதி, ஆசைப்படுகிறவன் காதில் ஆசைப்பட்டதுதான் விழும், பக்கத்தில் இன்னொரு காது வேண்டும் என்பார், அந்த இன்னொரு காதுதான் அவள். அந்தக் காதை வீட்டில் விட்டுவிட்டு எதற்குப் போனார். விமலா சொன்னது ஒருவேளை முழுசாக இல்லையோ, தாய் சொல்லாத ஏதாவது ஒன்றைக் குழந்தை சொல்லியிருக்குமோ, ஒரு இடுக்கு, ஒரு சின்ன இடுக்கு கிடைத்தால்கூடப் போதும் என்று தேடப் போனாரா. தேடினால் கிடைத்துவிடும், அதுதான் பயம். கிடைத்துவிட்டால் இன்றைக்குப் போய் துரைக்கண்ணுவிடம், உங்க பொண்ணு திரும்பி வந்துட்டாங்க என்று சொல்லிவிடுவாரோ. சொன்னால் என்ன கெட்டுவிடும். அந்த மனிதர் சந்தோஷப்படுவார். இவரும் கொஞ்சம் மூச்சு விடுவார். அவளே ஒரு கணம் அதை விரும்பினாள், ஆமாம், அச்சிறுபாக்கம் மலை தெரிந்தபோது, வெயிலில் வெளுத்துப்போன அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு, சொல்லட்டுமே என்று விரும்பினாள், உடனே பயந்துபோனாள். ஒரு வீட்டுக் குழந்தையை இன்னொரு வீட்டின் செத்த பெண்ணாக்கிவிட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகும். யாழினி என்று கூப்பிட யார் இருப்பார்கள். அதோடு, கிழித்துப் போட்ட அந்தக் கட்டுரை, தரையில் உட்கார்ந்த அந்த மனிதர், தெரியவில்லை என்று சொன்ன அத்தனை தடவைகள், எல்லாம் பொய்யாகிவிடும். அவளுடைய வாழ்க்கையும் அதில்தான் இருக்கிறது.

“சார்” என்றாள். அவர் திரும்பினார். “சுகுணாம்மா வார்த்தை…” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள், அதைக் கேட்க நினைக்கவே இல்லை, வேறு எதையோ கேட்க வாய் திறந்து இது வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. “உங்ககிட்டகூட ஏன் சொல்லலன்னு நினைச்சிருப்பீங்க” என்றார். “உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, நான் கஷ்டப்படறதைப் பாத்து ஒருநாள் நீங்களே யாரையாவது விட்டுச் சொல்ல வெச்சிடுவீங்க. அவ்வளவு நல்லவங்க நீங்க. நானும் நம்பிடுவேன்.” அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. “வந்தவாசிக்குத் தனியா போயிட்டு வந்தீங்களாமே” என்றாள், மெதுவாக. “போனேன்” என்றார். “அது விசாரணை இல்ல பிலோமினா. ஒண்ணு கேட்டுக்கப் போனேன். அந்தப் பொண்ணு சரின்னு சொல்லுவாளா மாட்டாளான்னு தெரியாம உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன். இன்னிக்கு வருவாளான்னு இப்பவும் தெரியல.” யார் வருவாள் என்று கேட்பதற்குள் வண்டி திண்டிவனம் பிளாட்பாரத்தில் நுழைந்துவிட்டது, எல்லோரும் எழுந்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

மில் வாசலில் துரைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். தவிட்டு வாசனை, உமி பறந்து எல்லாவற்றின் மேலும் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது, அவர் புருவத்தில்கூட. ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டார், சோடா வரவழைத்தார், செந்தாமரையின் படத்துக்குப் புது மாலை போட்டிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “சொல்லுங்க டாக்டரு” என்றார். பிலோமினா தன் மடியைப் பார்த்தாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “அந்தக் குழந்தை உங்க பொண்ணு இல்லீங்க” என்றார். “அதோட அம்மா விமலா, உங்க மகள் இருந்த ஆஸ்பத்திரியில நர்சா இருந்தவங்க. உங்க மகள் சொன்னதைத்தான் அவங்க குழந்தைக்குக் கதையா சொல்லியிருக்காங்க. அது திரும்பச் சொல்லுது.” துரைக்கண்ணுவின் முகத்தில் அந்த வெளிச்சம் போவதை அவள் பார்க்கவில்லை, ஆனால் கேட்டாள், ஒரு நீண்ட மூச்சு வெளியே வருகிற சத்தத்தில். பக்கத்துக் கட்டடத்தில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயித்துவிட்டார், தன் டாக்டர் மாறாமல் இருந்துவிட்டார் என்று ஒரு நிம்மதி அவளுக்குள் எழும்பியது, எழும்பின வேகத்திலேயே அந்த மனிதருக்கு முன்னால் அதற்காக வெட்கமாகவும் இருந்தது. பிறகு துரைக்கண்ணு சொன்னது அவள் எதிர்பார்க்காத ஒன்று. “அந்தக் கடலை மிட்டாயை அவளா சொன்னா? தாமரையா?” என்றார். “ஆமாங்க.” “எங்கிட்டதான் பேசவே இல்லியே டாக்டரு. மெட்ராஸ்ல போயி மேல படிக்கிறேன்னா, நான் வேணாம்னேன், மாப்ள பாத்துட்டேன். அன்னிக்கு வாயை மூடுனவதான். ஒடம்புக்கு வந்து படுத்தா, நான் போவேன், நான் உள்ள வந்தாலே செவுத்துப் பக்கம் திரும்பிக்குவா. கடைசி நாள் வரைக்கும் முதுவைத்தான் பாத்தேன். அதான் அந்தக் கொயந்தை என் பையில கைய உட்டப்போ, சரி, கோவம் தீந்துபோயி வந்துட்டான்னு…”

டாக்டர் அப்போதுதான் முன்னால் குனிந்தார். “அதை எங்கிட்ட நீங்க முதல் நாளே சொன்னீங்க. சுவத்தைப் பாத்துப் படுத்ததை. மறுபிறவி இல்லன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு அதுதான் மனசுல ஓடிக்கிட்டிருந்தது. வீட்டைப் பத்தி இவ்வளவு ஆசையா ஒரு நர்ஸ்கிட்ட பேசின பொண்ணு, அப்பாவைப் பாத்தா ஏன் திரும்பிக்கணும்? போய் அந்தம்மாவைக் கேட்டேன். அவங்க சொன்னாங்க. அதை நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க. அதனால அவங்களையே வந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். வந்தா…” என்று வாசலைப் பார்த்தார். அவர் குரலில் ஒரு தடுமாற்றம் இருந்தது, வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம், அது பிலோமினாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் எழுந்து வெளியே வந்து பார்த்தாள். எடைமேடை ஓரம் புங்கமர நிழலில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா திரும்பிப் போய்விடலாமா என்று விமலா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, முகமெல்லாம் வியர்வை. குழந்தையை அழைத்து வரவில்லை. பிலோமினா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. இருவரும் உள்ளே வந்தார்கள்.

துரைக்கண்ணு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். விமலா உட்காரவில்லை. நர்சுகள் டாக்டரிடம் ரிப்போர்ட் சொல்வது போல நேராக நின்றபடி, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னாள். “தாமரைக்குக் கடைசில மொகம் ரொம்ப வீங்கிப்போச்சு சார். கண்ணு ரெண்டும் சின்ன இடுக்கா ஆயிடுச்சு, அவ்வளவு வீக்கம். கண்ணாடி கேப்பா, நாங்க குடுக்க மாட்டோம். நீங்க வர்ற நேரம் அதுக்குத் தெரியும், செருப்பு சத்தத்துலயே தெரியும். அக்கா, எங்கப்பா வராரு, என்னைத் திருப்பிப் படுக்க வெய்யி, இந்த மூஞ்சியப் பாத்தா அவரு தாங்க மாட்டாருன்னு சொல்லும். நான்தான் சார் திருப்பிப் படுக்க வெப்பேன், ஒவ்வொரு தடவையும். நீங்க போனதும் மறுபடி இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, அப்பா என்ன சட்ட போட்டிருந்தாரு, எளச்சிட்டாரா, அழுதாரான்னு கேக்கும். இல்ல அழுவலன்னு சொல்வேன். ஒருநாள் நீங்க வெளியே பெஞ்சுல தூங்கிட்டீங்க. அன்னிக்குக் கதவை லேசா தொறந்து வெக்கச் சொல்லி, ரொம்ப நேரம் உங்களையே பாத்துக்கிட்டு இருந்திச்சு.” நிறுத்தினாள். “உங்ககிட்ட வந்து சொல்லணும்னு நெனப்பேன் சார். நீங்க யாரு, எந்த ஊருன்னு கூட அப்போ சரியா தெரியாது. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பாப்பாவைப் பாக்க நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்போ, பயத்துல சமையலறையை விட்டு வெளியவே வரல.”

துரைக்கண்ணு மெதுவாக உட்கார்ந்தார். பிலோமினா டாக்டரைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்காமல், அந்த அறையில் தனக்கு இனி வேலை இல்லை என்பது போல நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார், விமலாவுக்கு இடம் விட்டு. தனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, இன்னும் வரவில்லை, ஆனால் வேறொருவருக்கு வர வேண்டிய வார்த்தைகள் வந்தவாசியில் ஒரு வீட்டில் தேங்கிக் கிடக்கின்றன என்பது இவருக்கு எட்டியிருக்கிறது, அதைத் தேடி வெயிலில் பஸ் ஏறிப் போயிருக்கிறார், சுகுணாம்மாவிடமிருந்து எதிர்பார்ப்பதை நிறுத்தாமலே. இவரையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றி அதிலேயே நிற்காமல் நழுவியது, ஏனென்றால் உள்வாசல் கதவு திறந்து துரைக்கண்ணுவின் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். பாதி காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது. “யாருங்க இவங்க?” என்றாள்.

துரைக்கண்ணு மனைவிக்குப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காண்பித்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் விமலாவைப் பார்த்து, “நீயும் ஒக்காரும்மா” என்றார். “ஒக்காந்து, முதல்லேர்ந்து சொல்லு. அவளும் கேக்கட்டும்.”

விமலா உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.